"நீங்கள் இவருக்கு என்ன முறை?": ஒருபாலினத் திருமண உரிமை பற்றி ஓர் அறிமுகம்

திருமணச் சமத்துவம் என்றவுடன் எங்கள் பக்கத்தில் பலருக்கு நினைவு வருவது ஏதோவொரு வெளிநாட்டு நகரத்தின் ஊர்வலமும் வானவில் கொடியும்தான். "அது அங்கத்தைய விசயம், எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கதையை மாற்றிவிடுவார்கள். நான் இதை வன்னியில் எல்லாருக்கும் பழக்கமான பிரதேச செயலக மேசையிலிருந்து தொடங்குகிறேன்.

2009இல் போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் ஏதாவதொரு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த மேசையைத் தெரியும். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நிவாரணம் குடும்ப அட்டைக்குத்தான் கொடுபட்டது. மீள்குடியேறியபோது வீட்டுத்திட்டமும் குடும்பக் கணக்கில்தான் வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவும் அப்படியே. இறந்த கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கப் போனாலும் சரி, காணாமல் ஆக்கப்பட்டவரைப் பற்றி முறைப்பாடு கொடுக்கப் போனாலும் சரி, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் இவருக்கு என்ன முறை?" பதில் சொன்னதும் அடுத்த கேள்வி: "அதுக்குத் துண்டு இருக்கா?"

துண்டு, அதாவது பத்திரம், இல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். போரின் கடைசிக் காலத்தில் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்த வீடுகள் எத்தனையோ; எழுத்து, அதாவது விவாகப் பதிவு, எழுதப் பதிவாளருக்கு எங்கே போவது? எழுதியவர்களின் பத்திரமும் இடப்பெயர்வில் பங்கருக்குள்ளோ நந்திக்கடல் தண்ணிக்குள்ளோ போய்விட்டது. பிறகு நடமாடும் சேவை வைத்துப் பிரதி கொடுத்தார்கள். விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதம், சத்தியக் கடதாசி, தாலி கட்டிவைத்த ஐயரின் கடிதம் என்று அலைந்து, தாங்கள் மனைவிதான் என்று நிரூபித்த பெண்களை எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். சட்டமும் கொஞ்சம் இறங்கி வந்தது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் திருமணம் நடந்திருக்கிறது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். இது இலங்கையில் நெடுங்காலமாக உள்ள விதி.

இப்போது இருபது வருசமாக ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டு பெண்களை, அல்லது இரண்டு ஆண்களை, அதே மேசைக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். ஒருவரில் ஒருவர் காதல் கொண்டு, ஒரே உலையில் சமைத்து, ஒரே கடனைக் கட்டி வாழ்ந்தவர்கள். "என்ன முறை?" என்ற கேள்விக்கு அவர்களிடம் சட்டம் ஏற்கும் பதில் எதுவுமில்லை. விதானையாரின் கடிதமும் உதவாது. ஊரறிய வாழ்ந்தார்கள் என்ற விதியும் அவர்களுக்குப் பொருந்தாது. ஊரறிய வாழ்ந்தால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

திருமணச் சமத்துவம் கேட்பது இந்த இடத்தில்தான். ஓர் ஆணும் பெண்ணும் விவாகப் பதிவு செய்வதால் அடையும் சட்ட நிலையை, இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ அதே சட்டத்தின் கீழ், அதே பெயரில், அதே கடமைகளோடு அடைய முடிய வேண்டும். கடமை என்பதை வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். பதிவுத் திருமணம் உரிமையை மட்டும் தருவதில்லை. பராமரிப்புச் செலவு, பிள்ளைகளின் பொறுப்பு, பிரிவதானால் நீதிமன்றம் போய்த்தான் பிரிய வேண்டும் என்ற கட்டு எல்லாம் கூடவே வரும்.

எழுத்தோடு என்னென்ன வருகிறது

கலியாண எழுத்தன்று பதிவாளர் பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆணுக்கு ஒரு நிரல், பெண்ணுக்கு ஒரு நிரல். பெயர், வயது, தொழில், தகப்பன் பெயர். இரண்டு சாட்சி கையெழுத்து வைக்கும். வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு கையெழுத்து இரணைமடுக் குளத்தின் துருசை (மதகை)த் திறப்பது மாதிரி. தண்ணி எந்தெந்த வாய்க்காலால் எந்தெந்த வயலுக்குப் போகிறது என்று திறந்த ஆளே பார்ப்பதில்லை. சாவு, நோய், பிரிவு, காணிச் சண்டை என்று ஏதாவது வரும்போதுதான் அது எங்கெல்லாம் பாய்ந்திருக்கிறது என்று தெரியவரும்.

காணியை எடுத்துக்கொள்வோம், வன்னியில் எல்லாக் கதையும் கடைசியில் காணியில்தான் வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் போல இங்கே எல்லாம் உறுதிக் காணி (சொந்த உரித்துப் பத்திரமுள்ள காணி) இல்லை. கிளிநொச்சி, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தை நம்பி வந்த குடியேற்றங்களில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது பெர்மிட், அதாவது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம். பெர்மிட்காரர் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளி ஒருவரின் பெயரைக் குறிக்கலாம். ஆனால் விரும்பிய ஆளைக் குறிக்க முடியாது. கணவன் அல்லது மனைவி. இல்லாவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவுகளில் ஒருவர். மகன், மகள், பேரப்பிள்ளை, தாய், தகப்பன், சகோதரம், மாமன், மாமி, மருமகன், மருமகள் என்று அந்தப் பட்டியல் போகும். கணவன் மனைவிக்கு இன்னொரு சலுகையும் உண்டு: பெயர் குறிக்காமல் விட்டாலும் மற்றவர் இறந்தபின் அந்தக் காணியைச் சீவியகாலம் அனுபவிக்கும் உரிமை அவருக்கு முதலில் வரும். 2022இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை எடுத்தார்கள். நல்ல மாற்றம்தான். யார் குடும்பம் என்ற பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருத்தியின் பெயரில் ஓர் ஏக்கர் பெர்மிட் காணி. மற்றவள் இடம்பெயர்ந்து வந்தவள், பெயரில் ஒன்றுமில்லை. பதினைந்து வருசமாக இரண்டு பேரும் கச்சான் போட்டு, கோழி வளர்த்து, கிணறு கட்டி, மிசின் வாங்கியிருக்கிறார்கள். காணிக்காரி பாம்பு கடித்து இறந்துபோகிறாள். அட்டவணைப்படி காணி போவது, பதினைந்து வருசமாகப் படலைப் பக்கம் வராத தம்பிக்கு. அவர் நல்ல மனுசனாக இருந்தால் "அக்கா, நீங்கள் இருங்கோ" என்பார். இல்லாவிட்டால் அவள் ஒரு பையோடு வெளிக்கிட வேண்டியதுதான். கிணற்றுக்குக் கட்டிய காசுக்கு யாரிடம் கேட்பாள்?

வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான எங்கள் தேசவழமையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுத்தில் தொகுத்த அந்த வழமை, கலியாணத்துக்குப் பிறகு இருவரும் உழைத்துச் சேர்த்ததைத் தேடியதேட்டம் என்று தனியாக வைத்தது. சீதனம் வேறு, பரம்பரையாக வந்த முதுசம் வேறு, தேடியதேட்டம் வேறு. 1947இன் திருத்தத்துக்குப் பின், ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அவருடைய தேடியதேட்டத்தில் பாதி மற்றவருக்கு வரும். தேசவழமையில் எனக்கு ஒத்துக்கொள்ள முடியாதவை பல உண்டு. கலியாணம் செய்த பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆனாலும் சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து தேடியதில் இருவருக்கும் உரித்து உண்டு என்று வெள்ளைக்காரன் வந்து எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த இரண்டு பெண்களும் பதினைந்து வருசம் தேடியது தேட்டம் இல்லையா?

ஆஸ்பத்திரி அடுத்தது. நினைவில்லாமல் கிடப்பவருக்குச் சத்திரசிகிச்சை செய்யக் கையெழுத்துத் தேவைப்பட்டால் "சொந்தக்காரர் ஆர்?" என்பார்கள். பிரேத பரிசோதனை முடிந்து உடலைப் பாரம் எடுக்கும்போதும் அதே கேள்வி. கூட வாழ்ந்தவர் வாங்கில் இருக்க, பத்து வருசம் முகம் பாராத சித்தப்பா வந்து கையெழுத்து வைத்து உடலைக் கொண்டுபோய், செத்தவீட்டில் அவரைக் கிட்டவும் விடாமல் கொள்ளி வைத்துவிட முடியும். சட்டம் சித்தப்பா பக்கம்.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் இறந்தால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் சட்டப்படியான துணைக்கும் பிள்ளைகளுக்கும்தான். பிள்ளை தத்தெடுப்பதிலும் இதே கதை. 1941ஆம் ஆண்டின் சட்டப்படி இருவர் சேர்ந்து விண்ணப்பிப்பதானால் அவர்கள் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். தனியாள் ஒருவர் தத்தெடுக்கலாம், ஆனால் அப்போது பிள்ளைக்கு இரண்டாவது பெற்றாராக அந்த வீட்டில் இருப்பவர் சட்டத்தில் யாரோ ஒருவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் படிவத்திலும் அவருக்கு இடமில்லை. தத்தெடுத்தவருக்கு ஏதும் நடந்தால் பிள்ளை மறுபடியும் அநாதை.

அதுக்கு முதல் ஒரு தடை

இலங்கையில் இந்தக் கதை கலியாணத்துக்கு வருமுன்னமே முட்டி நிற்கிறது. 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உடலுறவைக் குற்றமாக்கி, பத்து வருசம் வரை சிறை என்கிறது. எது இயற்கை ஒழுங்கு என்று அந்தப் பிரிவில் எங்கும் சொல்லவில்லை. பின்னாளில் சேர்த்த 365அ பிரிவு, இரண்டு பேருக்கிடையிலான "பாரதூரமான இழிசெயலை", அது மூடிய அறைக்குள் நடந்தாலும், குற்றம் என்கிறது. இரண்டு வருசம் வரை சிறை. அந்தப் பிரிவு முதலில் ஆண்களைப் பற்றி மட்டுமே பேசியது. 1995இல் சட்டக்கோவையைத் திருத்தியவர்கள் அதை நீக்குவதை விட்டுவிட்டு, 'ஆண்' என்றிருந்ததை 'ஆள்' என்று மாற்றினார்கள். அப்படித்தான் பெண்களும் குற்றவாளிகளானார்கள். பால் சமத்துவத்துக்கு நாங்கள் கண்ட உதாரணம் இது!

வழக்குப் போட்டு உள்ளே போனவர்கள் குறைவு என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வழக்கு வேண்டியதில்லையே. சோதனைச் சாவடியில், விடுதி வாசலில், கைத்தொலைபேசியைப் பறித்துப் பார்த்துவிட்டு "வீட்டை சொல்லவோ?" என்று கேட்பதற்கு அந்தப் பிரிவு போதும். காசு பிடுங்கலும் மிரட்டலும் இதை வைத்து நடப்பதை மனித உரிமை அமைப்புகள் பல தடவை பதிவு செய்திருக்கின்றன. சோதனைச் சாவடி என்றால் என்ன என்று வன்னிச் சனத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

"இந்தியாவில் நீதிமன்றமே தூக்கினதுதானே, இங்கே ஏன் ஏலாது?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் எங்கள் 365உம் ஒரே பட்டறையில் வார்த்தவை. 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வதை 377இலிருந்து விடுவித்தது. அரசியலமைப்புக்கு முரணான பழைய சட்டம் செல்லாது என்று அங்கே அரசியலமைப்பே சொல்லுவதால் அது முடிந்தது. இலங்கை அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை நேர்மாறாகச் சொல்கிறது: ஏற்கெனவே இருந்த எழுதப்பட்ட சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், செல்லும். 12ஆம் உறுப்புரை எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. நாலு உறுப்புரை தள்ளி 16 வந்து, பழைய சட்டமென்றால் பரவாயில்லை என்கிறது. தேசவழமையில் பெண்களுக்கு எதிராக உள்ள விதிகளை அசைக்க முடியாமல் இருப்பதற்கும் இதே உறுப்புரைதான் காரணம். முஸ்லிம் விவாகச் சட்டத்தில் மாற்றம் கேட்கும் பெண்களும் இந்தச் சுவரில்தான் முட்டுகிறார்கள். ஆகவே 365ஐ எடுக்கப் பாராளுமன்றத்தால் மட்டுமே முடியும்.

2016இல் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு இப்படியொரு வழக்குப் போனபோது, வயது வந்தவர்களின் சம்மதத்துடனான உறவை அரசு கண்காணிக்கத் தேவையில்லை என்ற இன்றைய சிந்தனையை நீதியரசர்கள் தீர்ப்பில் குறிப்பிட்டார்கள். சட்டம் சட்டம்தான் என்று குற்றத்தீர்ப்பை வைத்துக்கொண்டு, சிறையை மட்டும் ஒத்திவைத்த தண்டனையாக்கினார்கள். 2022இல் பிரேம்நாத் தொலவத்த என்ற பாராளுமன்ற உறுப்பினர் இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் போனார்கள். அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்ததை 2023 மே மாதம் சபாநாயகர் அறிவித்தார். சாதாரண பெரும்பான்மை போதும். ஆனாலும் வாக்கெடுப்பு வரவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்ததோடு சட்டமூலமும் போயிற்று. இதற்கிடையில், 2022இல், பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இலங்கைப் பெண்ணொருவரின் முறைப்பாட்டை விசாரித்து, பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக வைத்திருப்பது உரிமை மீறல் என்று சொல்லியிருந்தது. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையொன்றால், திருநர் தங்கள் பாலை அங்கீகரிக்கும் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்தும் வழி மட்டும் திறந்தது. அது சிறிய விசயம் இல்லை, ஆனால் வேறு விசயம்.

எங்கட சனம் போன நாடுகள்

வன்னியிலிருந்து வெளிக்கிட்டவர்கள் எங்கெங்கே போய் இருக்கிறார்கள் என்று விரல் விட்டுப் பாருங்கள். கனடாவில் 2005 முதல் ஒருபாலினத் திருமணம் நாடு முழுவதும் சட்டம். நோர்வேயில் 2009, டென்மார்க்கில் 2012, பிரான்சில் 2013, இங்கிலாந்தில் 2014, ஜேர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும் 2017. சுவிசில் 2021இல் சனத்திடம் வாக்குக் கேட்டு, நூற்றுக்கு 64 பேர் ஆம் என்று சொல்லி, 2022 யூலையில் நடைமுறைக்கு வந்தது. வாக்குரிமை எடுத்த எங்கள் சொந்தக்காரரும் அதில் ஏதாவதொன்றைப் போட்டிருப்பார்கள். ஆக, புதுக்குடியிருப்பில் பிறந்து கனடாவின் ஸ்காபரோவில் வாழும் ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பதிவு செய்து, வீடு வாங்கி, பிள்ளை வளர்க்கலாம். திருவிழாவுக்கு ஊருக்கு வர இருவரும் கட்டுநாயக்காவில் இறங்கினால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒன்றாகப் பயணம் செய்த இரண்டு தனியாட்கள். ஏ9 வீதியால் வரும் வழியில் விபத்து நடந்து ஒருவர் வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தால் மற்றவரிடம் மறுபடியும் அதே கேள்விதான்: என்ன முறை?

இதையெல்லாம் முதலில் செய்தது நெதர்லாந்து, 2001 ஏப்ரலில். தேசவழமையைத் தொகுத்த அதே ஒல்லாந்து! ஆசியாவில் முதலில் தாய்வான், 2019 மே. அங்கே தொடக்கத்தில் திருமணம் சரி, ஆனால் துணைவரின் சொந்தப் பிள்ளையைத் தவிர வேறு பிள்ளையைச் சேர்ந்து தத்தெடுக்க முடியாது என்று வைத்திருந்தார்கள். 2023இல்தான் அதையும் திருத்தினார்கள். திருமணமும் குடும்ப உரிமையும் ஒன்றாகவே வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். ஜேர்மனியிலும் சுவிசிலும் முதலில் 'பதிவு செய்த துணைமை' என்று வேறொரு பெயரில் கொஞ்சம் குறைந்த உரிமைகளைக் கொடுத்து, பல வருசம் கழித்துத்தான் திருமணத்தைத் திறந்தார்கள். தாய்லாந்து செய்தது எனக்குப் பிடித்த வழி. குடும்பச் சட்டத்தில் 'கணவன்', 'மனைவி' என்றிருந்த இடங்களில் இருபாலாருக்கும் பொதுவான சொல்லைப் போட்டது. 2025 சனவரி 23இலிருந்து அங்கே பதிவு நடக்கிறது.

அயலில் நேபாளம். 2023 யூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இறுதித் தீர்ப்பு வரும்வரை இப்படியான திருமணங்களைத் தற்காலிகமாகவேனும் பதியுமாறு கட்டளையிட்டது. அந்த நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் முதல் பதிவு நடந்தது. இந்தியாவில் 2023 ஒக்டோபர் 17ஆம் திகதி ஐந்து நீதியரசர்கள் கொண்ட அமர்வு, திருமணம் செய்வது அடிப்படை உரிமை இல்லை, சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை என்று கைவிட்டது. தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் கொஞ்சம் முன்னால் போயிருக்கின்றன. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று சொல்லி, பதிவாளர் மறுத்த திருமணத்தைப் பதியச் சொன்னது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றார் வீட்டில் தடுத்து வைத்திருந்த ஓர் இளம்பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தானே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது.

வழக்கமாக வரும் கேள்விகள்

"கோயிலில தாலி கட்டச் சொல்லிக் கேப்பினமோ?" இந்தச் சட்டம் பதிவாளரின் புத்தகத்தை மட்டுமே தொடும். வற்றாப்பளை அம்மன் கோயிலில் யாருக்குத் தாலி கட்டலாம், மடு மாதா கோயிலில் யாருக்குத் திருமணத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்பதை அந்தந்தச் சமயத்தவர்தான் தீர்மானிப்பார்கள். இங்கிலாந்துச் சட்டம் எந்தத் தேவாலயத்தையும் வற்புறுத்த முடியாது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

"இது வருத்தமோ?" இல்லை. 1990இலேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பேயோட்டவோ மருந்து கொடுக்கவோ அங்கே எதுவுமில்லை.

"பிள்ளையள் என்ன ஆவினம்?" அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பல வருட ஆய்வுகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட நிலைப்பாடு, இப்படியான வீடுகளில் வளரும் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறார்கள் என்கிறது. அம்மம்மாவும் சித்தியும் வளர்த்த பிள்ளைகள், இரண்டு விதவைச் சகோதரிகள் சேர்ந்து ஆளாக்கிய பிள்ளைகள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகம் போயிருக்கிறார்கள் என்று ஒருக்கா எண்ணிப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கதைக்கலாம்.

"சத்தமில்லாமல் வாழ்ந்திட்டுப் போகட்டும், ஆர் கேட்டது?" இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், அதனால்தான் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்க வேண்டியிருக்கிறது. வன்னியில் சத்தமில்லாமல் வாழ்வது ஒருவகையில் சுலபம். போருக்குப் பிறகு பெண் தலைமைக் குடும்பங்கள் நிறைந்த இடத்தில் இரண்டு பெண்கள் ஒரு வளவுக்குள் இருந்தால் "ஒண்டுக்கொண்டு துணை" என்று ஊர் விட்டுவிடும். ஆண்களுக்கு அதுவும் இல்லை. முப்பது தாண்டியும் கலியாணம் முடிக்காத பெடியனைப் பார்த்து ஊர் ஆயிரம் கேட்கும். ஆனால் ஊர் தரும் இந்தக் கண்டும் காணாமையை வைத்து வங்கிக் கடனோ பெர்மிட் காணியோ எடுக்க முடியாது. ஊர் கோபித்த அன்றைக்கே அது இல்லாமலும் போய்விடும்.

பெரும்பாலானவர்களுக்கு அந்த அமைதியும் கிடைப்பதில்லை. "ஒரு கலியாணத்தைச் செய்து வைச்சாச் சரியாப் போகும்" என்று தரகரைப் பிடிப்பார்கள். விருப்பமில்லாத பெண்ணுக்கோ ஆணுக்கோ வெளிநாட்டு மாப்பிள்ளை, சீதன வீடு, மண்டபம் எல்லாம் பேசி முடியும். இதில் அகப்படுவது ஒருவர் இல்லை, இரண்டு பேர். தன்னில் என்ன குறை என்று காலம் முழுக்க யோசித்துக்கொண்டு வாழும் கணவனோ மனைவியோ இந்தச் சட்ட விவாதங்களில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. பாலீர்ப்பு வேறாக உள்ளவர்களோடு கதைத்தால், பதிவுப் புத்தகத்தில் பெயர் வருவதைவிட, கட்டாயக் கலியாணத்துக்குள் தள்ளாமல் விட்டாலே இப்போதைக்குப் போதும் என்றுதான் பலர் சொல்கிறார்கள். அது நியாயமான வரிசை என்றே எனக்கும் படுகிறது: முதலில் 365 போகட்டும், வேலையிலும் வீட்டிலும் பாதுகாப்பு வரட்டும், பிறகு எழுத்து. ஆனால் கடைசிப் படியைப் பற்றி இப்போதே கதைப்பது வீண் என்று நினைக்கவில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் முதல் சட்டமூலத்தை எழுதினால் 1995இல் எழுதியது போலத்தான் வரும்.

"எங்கட கலாசாரம்" என்ற கேள்வியை நான் விட்டுவிடவில்லை. 365ஐ எழுதியவர்கள் யார் என்று மேலே சொல்லியாகிவிட்டது. அவர்கள் தங்கள் நாட்டிலேயே 1967இல் அதை விடத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில வழிகள் இருக்கின்றன. எதுவும் திருமணத்துக்கு ஈடாகாது. ஆனாலும் ஒரு பிரசித்த நொத்தாரிசிடம் போனால் ஆகக்கூடிய வேலைகள்.

உறுதிக் காணி, வீடு, வாகனம், நகை எல்லாவற்றையும் விரும்பிய ஆளுக்கு மரணசாசனத்தில் எழுதலாம். இலங்கைச் சட்டத்தில் தன் சொத்தைத் தன் இஷ்டப்படி சாசனம் செய்ய எல்லாருக்கும் உரிமை உண்டு, முறை கேட்கமாட்டார்கள். புதிதாகக் காணி வாங்குவதானால் இருவரின் பெயரிலும் உறுதி முடிக்கலாம். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக வைக்கலாம். உயிரோடு இருக்கும்போது அலுவல் பார்க்க அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவர் இறந்ததும் அது செத்துவிடும். பெர்மிட் காணிக்கு இவை கைகொடுக்காது, அது அட்டவணைப்படிதான் போகும். ஆகவே உழைக்கிற காசை எல்லாம் ஒருவரின் பெர்மிட் காணிக்குள் கிணறாகவும் கட்டடமாகவும் புதைக்காமல், கொஞ்சத்தையாவது இருவர் பெயரிலும் வைப்பது புத்தி.

மரணசாசனம் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொத்தாரிசுக்கு முன்னால் என்றால் இரண்டு சாட்சி போதும். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சி வேண்டும். எந்த முறையில் எழுதினாலும், சொத்து யாருக்கு எழுதப்படுகிறதோ அவரைச் சாட்சியாகக் கையெழுத்து வைக்க விடாதீர்கள். அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும்.